ஆஸ்பத்திரியில் தங்கம் எதற்கு?

(நன்கொடையாளர் கூட்டத்தில் எங்கள் பரிசோதனைக்கூடப் பொறுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். என் வேலை உள்ளறையில், இரத்தக் குழாய்களோடும் மைக்ராஸ்கோப்போடும் முடிந்துவிடும். ஆனால் சென்ற ஆண்டுக் கூட்டத்தில் பரிசோதனைக்கூடத்தின் வரவு செலவை வாசித்தபோது, காய்ச்சல் பரிசோதனை அட்டைகளுக்கான செலவைச் சொல்லிவிட்டு, "இந்த அட்டையில் தெரிகிற சிவப்புக் கோடு உண்மையில் தங்கம்" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்துவிட்டார்கள். "ஏன்யா தம்பி, ஆஸ்பத்திரியில தங்கத்துக்கு என்ன வேல? நாங்க சிறுவாடு சேர்த்துக் குடுக்க துட்டுல தங்கமா வாங்குதீக?" என்று கேட்டார்கள். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் பதில் சொல்ல நேரமில்லாமல் போயிற்று. பாட்டியின் கேள்வி நியாயமானது. கொடுத்தவர்களுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. டாக்டர் அம்மா, "இந்த வருஷம் நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்" என்று என்னை இங்கே நிறுத்திவிட்டார்கள்.

நம்முடைய ஆற்றங்கரையில் தங்கம் புதியதல்ல. திருச்செந்தூர் ரோட்டில் ஆதிச்சநல்லூர் மேட்டைக் கடந்து போகாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். அந்த இடுகாட்டை 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் முதலில் தோண்டினார். பின்பு 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அங்கே பல ஆண்டுகள் தோண்டி, முதுமக்கள் தாழிகளோடு பொன்னால் செய்த நெற்றிப் பட்டங்களையும் எடுத்தார். மெல்லிய தகடு, நெற்றியில் கட்டிக்கொள்ள இரு முனைகளிலும் துளை. கூடவே கிடைத்த இரும்பு வாளும் ஈட்டியும் துருப்பிடித்து உருக்குலைந்து வந்தன. பொன் தகடு மஞ்சள் மாறாமல் வந்தது. எத்தனையோ நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்தும் காற்றும் ஈரமும் அதை ஒன்றும் செய்யவில்லை. இந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கு வேண்டியது தங்கத்தின் விலையல்ல, இந்தக் குணமும் இன்னொரு குணமும்.

அந்த இன்னொரு குணம்தான் ஆச்சரியமானது. தங்கம் மஞ்சள் என்று நமக்குத் தெரியும். ஆனால் அதை மிக மிகச் சிறிய துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது சிவப்பு. இதோ, இந்தக் குப்பியைப் பாருங்கள். கல்லூரியில் இரசாயனம் கற்பிக்கும் என் நண்பர் ஒருவர் தயாரித்துக் கொடுத்தது. திராட்சரசம் என்று நினைக்காதீர்கள். இதில் சாயம் ஒரு துளியும் இல்லை. இது தங்கமும் தண்ணீரும்தான்.

எவ்வளவு சிறிய துகள்? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இந்தக் குப்பியில் உள்ள தங்க உருண்டை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் குறுக்கே இவற்றை வரிசையாக வைத்தால் சுமார் 2,000 உருண்டைகள் பிடிக்கும். வேதம் வாசிக்கிறவர்களுக்கு, மோசே பொன் கன்றுக்குட்டியைப் பொடியாக்கித் தண்ணீரில் தூவின சம்பவம் நினைவுக்கு வரலாம். என்னையும் ஒருவர் கேட்டார், அந்தத் தண்ணீர் சிவந்திருக்குமா என்று. அரைத்து இந்த அளவுக்குக் கொண்டுவர முடியாது. தங்கத்தை அமிலத்தில் கரைத்து உப்பாக்கி, அந்தக் கரைசலிலிருந்து அணு அணுவாகத் திரும்பச் சேர்த்துத்தான் இதைச் செய்கிறார்கள். 1951-ல் அமெரிக்காவில் டர்கெவிச் என்பவரும் உடன் உழைத்தவர்களும் விவரித்த முறையே இன்றும் பெரும்பாலும் வழக்கில் இருக்கிறது. தங்க உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்துச் சிட்ரேட்டைச் சேர்க்க வேண்டும். எலுமிச்சம்பழப் புளிப்புக்குக் காரணமான அமிலத்தின் உப்புத்தான் சிட்ரேட். சில நிமிடங்களில் நீர் கறுத்து, ஊதாவாகி, பின்பு இந்தச் சிவப்புக்கு வந்து நிற்கும்.

சிவப்பு ஏன்? குடத்தில் தண்ணீர் எடுத்துப் போகிற பெண்களுக்கு இது விளங்கும். நடையின் வேகம் குடத்துத் தண்ணீரின் ஆட்டத்தோடு ஒத்துப்போனால் தண்ணீர் தளும்பி மேலே கொட்டும். நடையை மாற்றினால் அடங்கிவிடும். தங்கத் துகளுக்குள் எலெக்ட்ரான்கள் குடத்துத் தண்ணீர் போல இருக்கின்றன. பச்சை ஒளியின் அசைவும் அவற்றின் அசைவும் ஒத்துப்போவதால் அவை பச்சையை விழுங்கித் தளும்புகின்றன. பச்சையை இழந்த வெள்ளை ஒளி நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. இலண்டனில் மைக்கேல் பாரடே 1857-ல் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்து, நிறத்துக்குக் காரணம் தங்கத்தின் மிக நுண்ணிய துகள்களே என்று சொன்னார். அவர் தயாரித்த சிவப்புக் குப்பிகள் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. மின்சாரத்தில் பெயர்பெற்ற மனிதர் தங்க நீரிலும் இத்தனை பாடுபட்டார் என்பது அதிகம் பேருக்குத் தெரியாது.

இப்போது குப்பியில் கொஞ்சத்தை ஊற்றி, சமையல் உப்புக் கரைத்த தண்ணீரைச் சேர்க்கிறேன்.

(உரையாளர் உப்பு நீரைச் சேர்த்ததும் சிவப்பு நீர் நீலமாக மாறியதைச் சபையார் கண்டனர்.)

மாயமில்லை. தனித்தனியே நின்ற துகள்கள் உப்பினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டம் சேர்ந்துவிட்டன. கூட்டம் சேர்ந்தால் நிறம் நீலம். ஆனால் துகள்களின் மேல் முன்கூட்டியே புரதத்தைப் பூசியிருந்தால் உப்பு ஊற்றினாலும் சிவப்பு மாறாது. ஸிக்மாண்டி என்ற விஞ்ஞானி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை அளந்து காட்டினார். பின்பு 1925-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசைப் பெற்றார். 1912-ல் லாங்கே என்பவர் இதே வித்தையை வைத்து, முதுகெலும்பு நீரைத் தங்க நீரில் கலந்து, மேகநோய் மூளையைப் பாதித்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையைக் கொண்டுவந்தார். அது பல பத்தாண்டுகள் பெரிய ஆஸ்பத்திரிகளில் நடந்தது. ஆக, ஆஸ்பத்திரிக்குத் தங்கம் வந்து நூறு வருஷத்துக்கு மேலாயிற்று.

இனி அட்டைக்கு வருகிறேன். பாட்டி கேட்டது இதைப் பற்றித்தானே.

டெங்கு அட்டையை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் கூட்டுக்குள் மெல்லிய தாள் ஒன்று நீளமாக இருக்கிறது. ஒரு முனையில் இரத்தத்தின் தெளிந்த நீரைச் சொட்டுகிறோம். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோலத் தாள் அதை இழுத்துக்கொண்டு போகிறது. போகிற வழியில் உலர்ந்த தங்கத் துகள்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு துகளின் மேலும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் ஒட்டியிருக்கும். அது டெங்குக் கிருமி வெளிவிடுகிற ஒரு பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும், வேறொன்றையும் தொடாது. ஈரம் பட்டதும் தங்கம் எழுந்து கிருமிப் பொருளைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது. சற்றுத் தூரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டில், அதே கிருமிப் பொருளைப் பிடிக்கும் இன்னொரு புரதத்தைப் பதித்து வைத்திருக்கிறார்கள். தங்கம் கொண்டுவந்த சுமையை அது மறுபுறம் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஒரு துகள் நின்றால் நமக்குத் தெரியாது. கோடிக்கணக்கில் வந்து ஒரே கோட்டில் நிற்கும்போது சிவப்புக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. கிருமிப் பொருள் இல்லாவிட்டால் தங்கம் நிற்காமல் கடந்துபோய் விடும். அதற்கு அப்பால் இரண்டாவது கோடு ஒன்று உண்டு. அது சுமையோடு வந்தாலும் வெறுங்கையோடு வந்தாலும் தங்கத்தை நிறுத்தும். அட்டை சரியாக வேலை செய்தது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தக் கோடு வராவிட்டால் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

மருந்துக்கடையில் வாங்குகிற கர்ப்பப் பரிசோதனை அட்டையில் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். மலேரியா அட்டையிலும், 2020-க்குப் பிறகு நம் மூக்கைக் குடைந்த கொரோனா அட்டைகளில் பெரும்பாலானவற்றிலும் இதுவே. சில கம்பெனிகள் சாயம் ஏற்றிய நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களை உபயோகிக்கின்றன. ஆனாலும் தங்கத்தை விடவில்லை. நிறம் அழுத்தமாக இருக்கிறது, வருஷக் கணக்கில் மங்குவதில்லை, புரதம் அதன்மேல் எளிதாக ஒட்டிக்கொள்கிறது, பார்க்க இயந்திரமோ கரண்டோ வேண்டாம்.

விலை? கேளுங்கள் பாட்டி. ஒரு பவுன், அதாவது 8 கிராம் தங்கத்தில், இந்தக் குப்பியில் உள்ளது போன்ற சிவப்பு நீர் சுமார் 160 லிட்டர் தயாரிக்கலாம். எட்டு முதல் பத்துக் குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பவுன் 40 நானோமீட்டர் உருண்டைகளானால், எல்லா உருண்டைகளின் மேற்பரப்பையும் விரித்தால் சுமார் ஒன்றரை சென்ட் நிலம் ஆகும். அவ்வளவு இடத்திலும் புரதத்தை ஒட்டலாம். ஓர் அட்டையில் இருப்பதோ சில மைக்ரோகிராம் தங்கம். கம்மல் திருகாணியில் ஒட்டுகிற தூசியை விடக் குறைவு. அட்டையின் விலை அந்தப் புரதத்துக்கும் அதைத் தயாரிக்கிற நேர்த்திக்கும்தான். ஆகவே உங்கள் துட்டில் தங்கம் வாங்கினோம் என்பது உண்மை. சில பைசாவுக்கு வாங்கினோம் என்பதும் உண்மை.

இந்தச் சில பைசாத் தங்கம் எதை மாற்றியது என்று விளங்க, 1986-க்குப் போக வேண்டும். நம் தேசத்தில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்பது முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். கல்லூரியில் அதற்கான வசதியில்லாமல் மாதிரிகளை நிர்மலா தம் வீட்டுப் பிரிட்ஜில் வைத்திருந்தார். பரிசோதிக்கும் வசதி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. பிப்ரவரி மாதத்தில் ஓர் இரவு இரயிலில் அந்தப் பெட்டியைக் காட்பாடிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் சேர்ந்தார்கள். அங்கே எலைசா முறையில் பார்த்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. நம்ப முடியாமல் திரும்பவும் பார்த்தார்கள். பிறகு அமெரிக்காவிலும் உறுதி செய்யப்பட்டது.

நான் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்த பிற்பாடும் சில காலம் இதே கதைதான். நாங்களும் ஐஸ் பெட்டியில் மாதிரியை அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். பதில் வருவதற்குள் மலையடிவாரத்திலிருந்து வந்த பிணியாளி ஊருக்குப் போய்விடுவார்; மறுபடி வரமாட்டார். பதில் காகிதம் எங்கள் மேஜையில் கிடக்கும். அந்தக் காகிதங்களை நான் இன்னும் மறக்கவில்லை. இன்று ஒரு கர்ப்பிணித் தாய் காலையில் வந்தால், பஸ் ஏறுவதற்கு முன் பதில் சொல்லிவிடுகிறோம். கோடு விழுந்தால் அதோடு விடுவதில்லை. வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகளில் ஒத்து வந்தால்தான் கிருமி உண்டு என்று சொல்ல வேண்டும் என்பது தேசிய விதி. தொற்றின ஆரம்ப வாரங்களில் கோடு வராமலும் போகலாம். அதையும் சொல்லி அனுப்புகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி இரு கரையும் புரண்டது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் இரயிலோடு நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கிக்கொண்டார்கள். வெள்ளம் வடிந்த அந்த வாரத்தில், ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எங்கள் குழு முகாம் வைத்தது. கரண்ட் இல்லை. எலைசா இயந்திரத்தை அங்கே கொண்டுபோகவும் முடியாது, கொண்டுபோனாலும் ஓட்ட முடியாது. நான் எடுத்துப்போனது ஒரு டப்பா நிறைய அட்டை, ஒரு டார்ச் லைட், கடிகாரம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு தச்சு வேலைக்காரர் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நடுங்கி வந்தார். மழையில் நனைந்த குளிர்க் காய்ச்சல் என்று எல்லாரும் நினைத்தோம். அவருடைய மனைவி, "வடக்கே வேலைக்குப் போயிட்டு இப்பதான் வந்தாக" என்று சொன்ன ஒரு வார்த்தையினால் டாக்டர் மலேரியா அட்டை போடச் சொன்னார்கள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். கோடு விழுந்தது. அந்த இரவே மருந்து ஆரம்பித்தாயிற்று. சுற்றிலும் தண்ணீர் தேங்கிக் கிடந்த ஊரில், கொசு அவரைக் கடித்து அடுத்த வீட்டுக்குப் போகுமுன் தெரிந்துகொண்டது பெரிய காரியம்.

இதுவரை நல்லதைச் சொன்னேன். நன்கொடை கொடுக்கிறவர்களிடம் நல்லதை மட்டும் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

முன்பு ஒரு மழைக்காலத்தில், சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு பையனைத் தூக்கிவந்தார்கள். காய்ச்சல் ஆறாம் நாள். அன்று எங்களிடம் இருந்தது என்.எஸ்.1 என்ற கிருமிப் பொருளை மட்டும் பார்க்கிற அட்டை. கோடு வரவில்லை. "டெங்கு இல்லை" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைக் கட்ட ஆரம்பித்தார்கள். காய்ச்சலும் விட்டிருந்தது. நோயாளிகளைப் பார்த்துவந்த சிஸ்டர் ஒருவர் பையனுடைய கையைத் தொட்டுப் பார்த்து, "கை ஏன் இப்படிச் சில்லிட்டிருக்கிறது?" என்று டாக்டரைக் கூப்பிட்டார்கள். அது டெங்குதான். அதிர்ச்சி நிலைக்குப் போய்க்கொண்டிருந்தான். நரம்பில் திரவம் ஏற்றி, இரண்டு இராத்திரி கண்விழித்துக் காப்பாற்றினார்கள்.

பிழை அட்டையினுடையது அல்ல, என்னுடையது. அந்தக் கிருமிப் பொருள் காய்ச்சலின் முதல் நாளிலிருந்து ஏறக்குறைய ஐந்து நாள் வரைதான் இரத்தத்தில் நன்றாக இருக்கும், பிறகு குறைந்துவிடும். ஆறாம் நாள் பார்க்க வேண்டியது உடம்பு தயாரிக்கிற ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப் புரதத்தை. காய்ச்சல் விடுகிற அந்த நாட்களே டெங்குவில் ஆபத்தான நாட்கள். நான் எழுதியிருக்க வேண்டியது "இந்த அட்டையில் கோடு இல்லை" என்று மட்டும். "டெங்கு இல்லை" என்று எழுத எனக்கு அதிகாரம் இல்லை. அன்றிலிருந்து எங்கள் சீட்டில் காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று எழுதாமல் இரத்தம் எடுப்பதில்லை. 2012-ல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பரவி உயிர்களைப் பறித்ததைப் பார்த்தவர்கள் நாம். அரசாங்கமும் அட்டையின் பதிலை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் எலைசா செய்து உறுதிப்படுத்தச் சொல்கிறது. அட்டை வந்ததனால் சிஸ்டருடைய விரல்களுக்கு வேலை இல்லாமல் போகவில்லை.

இன்னொன்று. ஒரு சித்திரை மாதத்தில் அட்டைப் பெட்டிகளை மாடியறை இரும்பு பீரோவில் வைத்துவிட்டார்கள். நம் ஊர் வெயில் தெரியும். சில வாரம் கழித்து எடுத்தால், பல அட்டைகளில் சாட்சிக் கோடே விழவில்லை. முழுப் பெட்டியும் நஷ்டம். தங்கம் கெடவில்லை. ஆதிச்சநல்லூரில் கெடாதது பீரோவில் கெடுமா? கெட்டது அதன்மேல் ஒட்டியிருந்த புரதம். பெரும்பாலான அட்டைகளை 30 டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. நீங்கள் போன வருஷம் வாங்கிக் கொடுத்த ஏ.சி. இயந்திரம் மானேஜர் அறையில் இல்லை, அட்டை வைக்கிற அறையில்தான் இருக்கிறது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

ஆராய்ச்சிக் கூடங்களில் தங்கத் துகளுக்கு வேறு வேலைகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 1971-ல் பால்க், டெய்லர் என்ற இருவர், எதிர்ப்புப் புரதம் ஒட்டிய தங்கத் துகளை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அடையாளப் பொட்டாக உபயோகித்தார்கள். உயிரணுவுக்குள் எந்தப் புரதம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கறுப்புப் புள்ளி காட்டிக்கொடுக்கும். பூனா தேசிய இரசாயனக் கூடத்தில் முரளி சாஸ்திரியின் குழு, சிட்ரேட்டுக்குப் பதில் வேப்பிலைச் சாற்றைக் கொண்டே தங்கத் துகளை உண்டாக்கி 2004-ல் வெளியிட்டது. அதன்பின் நம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இலை இலையாகப் பறித்துச் செய்துபார்க்காத மாணவர்கள் இல்லை என்று சொல்லலாம். எனக்கு அதிகம் பிடித்தது சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் வேலை. எண்டோசல்பான் கலந்த தண்ணீரைத் தங்கத் துகளோடு சேர்த்தால் சிவப்பு மாறி நீலத்துக்குப் போகிறது என்று அவர்கள் காட்டினார்கள். சற்றுமுன் உப்பு செய்ததை அங்கே பூச்சிமருந்து செய்கிறது. அந்த ஆராய்ச்சியின் வழியில் வெள்ளித் துகளைக் கொண்டு பூச்சிமருந்தை நீக்கும் குடிநீர் வடிகட்டியும் வந்தது. எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. ஆனால் வயலில் அடிக்க வேறு மருந்துகள் இருக்கின்றன. வயலுக்கும் கிணற்றுக்கும் ஒரே ஆறு.

கடைசியாக, நான் பேசத் தயங்குகிற விஷயம். தங்கத்தால் வியாதியைக் குணப்படுத்த முடியுமா?

தங்க உப்புகளை மூட்டுவாதத்துக்கு ஊசியாகப் போடும் வழக்கத்தை 1929-ல் பிரான்சு தேசத்து டாக்டர் பாரஸ்டியர் கொண்டுவந்தார். பலருக்கு உதவியது, சிறுநீரகத்தையும் தோலையும் கெடுத்ததும் உண்டு. நல்ல மருந்துகள் வந்தபின் அது ஏறக்குறைய நின்றுவிட்டது. அது கரைந்த தங்க உப்பு, நாம் பேசுகிற துகள் அல்ல. துகளைக் கொண்டு புற்றுநோயைச் சுடும் முயற்சி அமெரிக்காவில் நடக்கிறது. கண்ணாடி போன்ற சிலிகா உருண்டையின் மேல் தங்கத் தோல் பூசி, இரத்தத்தில் செலுத்துகிறார்கள். கட்டியின் இரத்தக் குழாய்கள் ஒழுகலாக இருப்பதால் துகள்கள் அங்கே தங்குகின்றன. மறுநாள் சதையை ஊடுருவுகிற ஒருவகைச் செங்கதிரைப் பாய்ச்சினால் தங்கம் சூடேறிக் கட்டி வெந்துபோகிறது. புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 16 ஆண்களுக்கு இதைச் செய்து 2019-ல் முதல் பலன்களை வெளியிட்டார்கள். நம்பிக்கை தருகிற பலன்கள்தான். ஆனால் பதினாறு பேர். கட்டி ஓரிடத்தில் அடங்கியிருந்தவர்கள். உடம்புக்குள் போன தங்கத்தில் பெரும்பகுதி ஈரலிலும் மண்ணீரலிலும் போய் உட்கார்ந்துவிடுகிறது என்பதும் தெரிந்த விஷயம்.

இதை ஏன் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறேன் என்றால், ஒரு விவசாயி என்னிடம் ஒரு விளம்பரத் தாளை நீட்டினார். மனைவிக்கு மார்பில் கட்டி. ஆபரேஷனுக்குப் பயந்து, "நானோ தங்கச் சொட்டு" என்று ஒருவர் விற்றதை வாங்கி ஏழு மாதம் கொடுத்திருக்கிறார். ஒரு போகம் விற்ற பணம் முழுவதும் அதில் போயிற்று. "நீங்க டெஸ்ட்டுக்குத் தங்கம் போடுதீகளே, குடிச்சா கேக்காதா சார்?" என்று கேட்டார். நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த வார்த்தைகளே அவரிடம் அப்படிப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. கட்டி கைக்குழிக்குப் பரவியிருந்தது. டாக்டர் அம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், வைத்தியம் நடக்கிறது. ஏழு மாதம் முந்தி வந்திருந்தால் என்று சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

சித்த வைத்தியத்தில் தங்க பற்பம் உண்டே என்று சிலர் கேட்பீர்கள். அப்படிப்பட்ட பற்பங்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள் நானோ அளவுத் துகள்களைக் கண்டது உண்மை. நம் முன்னோர் தங்கத்தை எவ்வளவு நுண்மையாக்கினார்கள் என்பதற்கு அது அத்தாட்சி. அது எந்த வியாதியை எந்த அளவில் தீர்க்கும் என்பதற்கு அத்தாட்சி அல்ல; அதற்குத் தனியே பிணியாளிகளிடம் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆகவே எங்கள் ஆஸ்பத்திரியில் தங்கம் அட்டையில் இருக்கிறது, மருந்து அலமாரியில் இல்லை.

பாட்டி இன்றைக்கும் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்தபின் அன்று என்னிடம் இரகசியமாக இரண்டாவது கேள்வி ஒன்றும் கேட்டார்கள்: உபயோகித்த அட்டைகளை எல்லாம் சேர்த்து உருக்கினால் ஆஸ்பத்திரிக்கு ஆகாதா என்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன் பாட்டி. ஒரு பவுன் சேர்வதற்குப் பல லட்சம் அட்டை வேண்டும். தவிர, அவற்றில் இரத்தம் பட்டிருப்பதால் தொற்றுக் கழிவாகப் பையில் கட்டி, கழிவு வண்டிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். வாசலருகே மேஜையில் புதிய அட்டைகள் சிலவும் இந்தக் குப்பியும் வைத்திருக்கிறேன். சிவப்பும் நீலமும் இரண்டும் இருக்கின்றன. வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; குடித்துவிட மட்டும் வேண்டாம்.